வண்டிச் சத்தம் கேட்டதும் நோட்டை எடுக்கும் மகன்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 29. அவிநாசிக்கு அருகே தோட்டத்து வீட்டில் கணவர், மாமனார், மாமியாருடன் வசிக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் ஒரே மகனுக்கு மூன்றரை வயதாகிறது. இந்த ஜூனில்தான் ப்ரீ-கே.ஜி. சேர்த்தோம்.

என் பிரச்சினை என் மாமியார்தான். பையன் பள்ளி விட்டு மதியம் வந்தது முதல் நான் ஆறரை மணிக்கு வீடு திரும்பும்வரை அவனை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்று சொல்வதே அதிகம். கட்டுத்தரையில் மாட்டோடு நிற்கிறான், மண்ணில் புரள்கிறான், அத்தையோடு உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கிறான். ராத்திரி படுத்தால் கன்றுக்குட்டி கதைதான். அதற்கு ஏதோ பெயர்கூட வைத்திருக்கிறான். பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே வரவில்லை என்று பள்ளியில் மிஸ் சொல்லி அனுப்புகிறார். கோவையில் இருக்கும் கொழுந்தனாரின் மகள் இவனைவிட இரண்டே மாதம் பெரியவள். இசட் வரை எழுதுகிறாள். அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போடுகிறார்கள்.

இத்தனைக்கும் நான் தினமும் மாலை ஒரு மணி நேரம் உட்கார வைத்து எழுத வைக்கிறேன். என் வண்டிச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நோட்டைப் பிரித்து வைத்துக்கொள்கிறான். அத்தை அதையும் ஒரு குற்றம்போலச் சொல்கிறார். அந்தப் பொறுப்பாவது வந்திருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுதும்போது நோட்டைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறான், அது வேறு விஷயம். கொஞ்சம் குரலை உயர்த்தினாலே, "பச்ச மண்ண எதுக்கு சாமி இப்படி வெரட்டற?" என்று அத்தை குறுக்கே வந்துவிடுகிறார். கணவரோ, "வர்றப்ப வரும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குடோனுக்குப் போய்விடுகிறார்.

நான் தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத இன்றும் பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கேட்கிறேன். அந்த நிலை என் மகனுக்கு வரக் கூடாது என்று நினைப்பது தவறா? அத்தையின் செல்லத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி? அவனை முழு நேரக் காப்பகத்தில் விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மாமியார் வருகிறார், மிஸ் வருகிறார், கொழுந்தனார் மகள் வருகிறாள். அவர்களையெல்லாம் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, நீங்கள் 'அது வேறு விஷயம்' என்று ஒதுக்கிய அந்த ஒரு வரியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில், நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான விஷயம் அதுதான்.

முதலாளியின் கார் உள்ளே நுழையும் சத்தம் கேட்டதும் கம்பெனியில் பேச்சு எப்படி நிற்கும், யார் யார் எதை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார்கள் என்பதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அதைப் பொறுப்பு என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். உங்கள் மகன் உங்கள் வண்டிச் சத்தத்துக்குச் செய்வதும் அதுதான். மூன்றரை வயதுக் குழந்தை அம்மா வந்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும், உரித்த கடலையை வாயில் திணிக்க வேண்டும். இவன் நோட்டைத் தேடி ஓடுகிறான். எழுத்தைவிட முன்னதாக உங்கள் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்; புருவம் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எழுத்தில் எப்படிக் கவனம் நிற்கும்? இந்த வரியை எழுதியபோது உங்களுக்கும் உள்ளே ஏதோ உறுத்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

பென்சில் பிடிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். இவன் வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக மாறத் தொடங்கியிருக்காது. மூன்று வயதில் ஒரு குழந்தை வட்டத்தைப் பார்த்து வரைந்தால் போதும், முக்கோணம் வரைவதற்கு ஏறத்தாழ ஐந்து வயதாகும். ஆங்கில 'ஏ' எழுத்தில் இருப்பவை அதே சாய்கோடுகள் என்பதை நோட்டைப் பிரிக்கும் முன் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கொழுந்தனார் மகளுக்குச் சீக்கிரம் வந்திருக்கலாம், அது அவள் கை. உங்கள் மகன் இரவில் கோவையாகக் கதை சொல்கிறான், ஓடியாடுகிறான். நீங்கள் எழுதியிருப்பவற்றில் கவலைப்பட எனக்கு எதுவும் தென்படவில்லை.

அடுத்து அத்தை. இந்த இடத்தில் என்னால் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை, மன்னியுங்கள். கடலைக்காயின் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி, ஓட்டைப் பிளந்து, பருப்பு உடையாமல் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பென்சில் கேட்பதும் அதே இரண்டு விரல்களின் பலத்தைத்தான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், குழந்தைகள் எழுதுவதற்கு முன்பே தானியத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் கொட்டிப் பழகுவார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும், திரை முன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் மாமியார் இது எதையும் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்த வீட்டில் பையனின் மதியப் பொழுதை மிகச் சரியாக நடத்துபவர் அவர்தான். காப்பகத்துக்கு அனுப்பினால் கட்டுத்தரையும் கடலைக்காயும் போகும், கூடவே, குரல் உயரும்போது அவனுக்குக் குறுக்கே வந்து நிற்கும் ஒரே ஆளும் இல்லாமல் போய்விடுவார்.

மின்னஞ்சலுக்குப் பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கேட்க வேண்டியிருப்பது வலிக்கும், அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்த வலி 29 வயதான உங்களுடையது, அதற்கு வழி தேட வேண்டியவரும் நீங்கள்தான். அரை மணி நேரம் ஒதுக்கி நீங்களே ஆங்கிலம் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் ஓராண்டில் அந்த மின்னஞ்சல்களை எழுதிவிடுவீர்கள். மகனின் நோட்டில் அதைத் தேடினால் அவனுக்கும் சுமை, உங்களுக்கும் ஆறாது.

மாலை நேர எழுத்து வேலையை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். மிஸ்ஸிடமும் சொல்லிவிடுங்கள். முதல் சில நாட்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் அவன் நோட்டோடுதான் வந்து நிற்பான். அப்போது முகம் மாறாமல் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கடலைக்காயை நீங்களும் எடுத்து உரியுங்கள். அந்தக் கன்றுக்குட்டியின் பெயர் என்ன என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் 'ஏதோ பெயர்' என்றுதான் இருக்கிறது.