வாசகர் கேள்வி: விளைந்த நாட்டில் பசித்த படை

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் வீரர்கள் பட்டினி கிடந்ததாகப் படித்தேன். விளைச்சல் மிகுந்த நாட்டில் இது எப்படி நேர்ந்தது? அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

பதில்: நாட்டில் தானியத்துக்கும் கால்நடைக்கும் பஞ்சமில்லை, அவற்றை வாங்கச் செல்லுபடியாகும் பணமும், வாங்கியதை முகாமுக்குக் கொண்டுசேர்க்கப் போதிய வண்டிகளும்தான் இல்லை. மாநிலங்களின் பொது அவையாக இருந்து போரை நடத்திய காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. 13 மாநிலங்களும் மனம்வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே 1775 ஜூன் முதல் காகித டாலர்களை அச்சடித்துச் சமாளித்தார்கள். 1779 முடிவதற்குள் அது 20 கோடியைத் தாண்டியது; 1780 மார்ச்சில், 40 காகித டாலர் 1 வெள்ளி டாலருக்குச் சமம் என்று காங்கிரஸே அறிவிக்க நேர்ந்தது. சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 6⅔ டாலர். அந்தக் கணக்கில் ஆண்டு முழுவதும் உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கிடைத்தது 2 வெள்ளி டாலர்தான், அதுவும் சம்பளம் வந்து சேர்ந்தால்.

1777 டிசம்பர் 23 அன்று வேலி ஃபோர்ஜ் முகாமிலிருந்து வாஷிங்டன் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது: காலில் செருப்பும் உடலில் துணியும் இல்லாததால் 2,898 பேர் பணிக்கு உதவமாட்டார்கள் என்று அதில் எண்ணிக்கையோடு குறிப்பிடுகிறார். அருகிலிருந்த பிலடெல்பியாவைப் பிடித்திருந்த ஆங்கிலேயரோ பொன்னும் வெள்ளியும் கொடுத்து வாங்கினார்கள். விளைபொருளை அங்கே கொண்டுபோன விவசாயியை மட்டும் பழிப்பது நியாயமல்ல. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

1781 புத்தாண்டு நாளில் பென்சில்வேனியாப் படையினர் நிலுவைச் சம்பளம் கேட்டுக் கலகம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வாஷிங்டனின் படை ஆங்கிலேயரை முற்றுகையிட யார்க்டவுன் செல்லும் வழியில், காங்கிரஸின் நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மாரிஸ், துணைக்கு வந்திருந்த பிரெஞ்சுப் படையின் தளபதி ரோஷாம்போவிடம் 20,000 வெள்ளி டாலர் கடன் வாங்கி வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார். 1776-க்குப் பிறகு தாம் பெற்ற, பணம் என்று சொல்லத்தக்க சம்பளம் அதுவே என்று ஒரு சிப்பாய் முதுமையில் எழுதிவைத்தார்.

போர் முடிந்ததும் நிலுவைக்குக் கடன் பத்திரங்களே கிடைத்தன. வீடு திரும்பக் கைக்காசில்லாத பலர் அவற்றை வந்த விலைக்கு வணிகர்களிடம் விற்றார்கள். 1790-இல் அரசு அவற்றை முழு மதிப்பில் ஏற்றபோது, முதலில் பெற்றவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்று பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் வாதாடினார். சபை 36-க்கு 13 என்ற வாக்குகளில் அதை நிராகரித்தது.