அல்ட்ராசோனிக் தொட்டியில் பிஸ்டலைக் கழுவலாமா?

கேள்வி: போட்டிகளுக்கு .22 பிஸ்டல் பயன்படுத்துகிறேன். போல்ட்டில் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் எஃகுப் பாகம்) கெட்டியாகப் படிந்த கரி, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. வீட்டில் நகை கழுவ வாங்கிய 2 லிட்டர் அல்ட்ராசோனிக் கிளீனர் இருக்கிறது. அதில் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நகைத் தொட்டியில் வேண்டாம். போட்டிக்கான .22 குண்டு, செம்பு உறை இல்லாத வெறும் ஈயம். தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம்தான். இரண்டும் கழுவும் நீரில் கலக்கும். துப்பாக்கிக்கென்று தனித் தொட்டி வாங்குங்கள், கையுறை போடுங்கள். அழுக்கு நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மூடிய கேனில் சேர்த்து அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பரை (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. பிறகு கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். போல்ட், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி), எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) போன்ற எஃகுப் பாகங்களைக் கூடையில் வைத்து இறக்கலாம். அடித்தட்டில் படக் கூடாது. மரக் கைப்பிடி, ரெட் டாட் (குறிபார்க்கும் மின்கருவி), எலக்ட்ரானிக் டிரிக்கர், உரியத் தொடங்கிய நிக்கல் பூச்சு, இவையெல்லாம் வெளியே.

பெட்ரோல், தின்னர், ஆல்கஹால் எதுவும் ஊற்றாதீர்கள், ஆவி தீப்பற்றும். துப்பாக்கிக்கென்று விற்கும் நீர் சார்ந்த கரைசல் போதும். காரம் அதிகமான கரைசல் அலுமினியத்தின் அனோடைஸ் பூச்சைத் தின்றுவிடும். 50 டிகிரி சூட்டில் 5 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் உண்டாகும் நுண்குமிழிகள் உடையும்போது, பிரஷ் எட்டாத எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்திலிருந்து கரி கறுப்புப் புகைபோல் கிளம்பும்.

பாகங்களை வெளியே எடுத்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கரியோடு எண்ணெயும் முழுக்கப் போயிருக்கும்; அந்த வெற்று எஃகு வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. உடனே வெந்நீரில் அலசி, ஃபயரிங் பின் துளை வரை ஊதி, ஹேர் டிரையரால் காயவையுங்கள். அப்புறம் டபிள்யூடி-40 போல நீரை விரட்டும் எண்ணெய்; அதைத் துடைத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெய், மெல்லிய படலமாக. ஃபயரிங் பின் துளையில் எண்ணெய் தேங்கினால் கரி அங்கேயே பசையாகும்.

பேரலுக்கு (குழலுக்கு) இந்த வேலை அநாவசியம். ஒட்டிய ஈயத்தை அதிர்வு அசைக்காது. சால்வென்ட் நனைத்த துணியும் வெண்கல பிரஷும்தான் அதற்குச் சரி.