வாங்கும் முன்: கணினி ஓவியம் பழகுகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: இணையப் பாடங்களைப் பார்த்துக் கணினியில் ஓவியம் பழகுகிறேன். இதுவரை மவுஸ்தான். திரையுள்ள டேப்லெட் இல்லாமல் முன்னேற முடியாது என்கிறார் பாடம் நடத்துபவர். 55,000 ரூபாய் ஆகும். வாங்கலாமா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். திரையில்லாத பென் டேப்லெட் போதும். வாகாம், ஹியூயான், எக்ஸ்பி-பென் ஆகியவற்றின் தொடக்க நிலைக் கருவிகள் ஐயாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. கை பலகையிலும் கண் திரையிலுமாக வரைவது முதல் சில வாரங்கள் எரிச்சலூட்டும், பிறகு பழகிவிடும். பெட்டியின் மேல் 8192 அழுத்த நிலைகள் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைக் கருவி பிரித்தறியும் படிகள்) என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 2048 நிலைகள் உள்ள கருவியே தொடக்கக்காரருக்குத் தாராளம். அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். வரையும் பரப்பு எவ்வளவு, தேய்ந்த முனைக்கு மாற்று முனை தனியாகக் கிடைக்குமா, உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு டிரைவர் (கருவியைக் கணினியோடு சேர்ந்து இயங்கவைக்கும் மென்பொருள்) உண்டா என்பவற்றைக் கேளுங்கள். டிரைவரைக் கட்டாயம் பாருங்கள். பாதி விலை என்று பழைய திரை டேப்லெட் ஒன்றை நான் வாங்கினேன். புதிய விண்டோஸுக்கு அதன் டிரைவர் வெளிவருவது நின்றுபோனதை விற்றவர் சொல்லவில்லை. பென் தொடும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறொன்று. அதை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: புரோகிரியேட் பாடத் தொகுப்பை 2,499 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். அந்தச் செயலியை என் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நிறுவுவது எப்படி? (ஓசூர்)

பதில்: முடியாது. அது ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமானது. பாடத்தின் விவரப் பக்கத்தில் முதல் சில வரிகளிலேயே இதை எழுதியிருப்பார்கள். அதைக்கூடப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு என்னிடம் வழி கேட்டால் என்ன செய்வது? பணத்தைத் திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: வெக்டர் ஓவியம் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கணினி ஓவியம்) பழக, புகழ்பெற்ற ஒரு மென்பொருளுக்கு மாதம் 2,000 ரூபாய் சந்தா கட்டினேன். நான்கு மாதத்தில் நிறுத்தப் போனால் 8,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். மாதச் சந்தாவுக்கு எதற்கு அபராதம்? (பகுதிநேர வடிவமைப்பாளர், ஈரோடு)

பதில்: நீங்கள் எடுத்தது மாதச் சந்தா அல்ல. ஓராண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டம். மீதமுள்ள எட்டு மாதத்துக்கு 16,000. அதில் பாதியைக் கேட்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பல ஆண்டுகளாகக் கோபம் உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் மென்பொருளை ஒரு முறை விலை கொடுத்து வாங்கினோம். பழைய பதிப்பே போதும் என்றால் அதிலேயே வேலை செய்தோம். 2013இல் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களைச் சந்தாவுக்கு மாற்றியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சந்தா முறை தவறு என்று சொல்ல மாட்டேன். தொழில் செய்கிறவருக்கு அது கட்டுப்படியாகலாம். விலையைக் காட்டும் விதம்தான் தவறு. மாதத் தொகை பெரிய எழுத்தில் கண்ணில் படுகிறது. ஓராண்டுக் கட்டுப்பாடும் இடையில் நிறுத்தினால் வரும் கட்டணமும் எங்கோ ஓர் இணைப்புக்குள் கிடக்கின்றன. 2024 ஜூனில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் பரிந்துரைப்படி அந்நாட்டு நீதித் துறை அடோபி மீது தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டும் இதுதான்: முதலாண்டில் நிறுத்தினால் மீதித் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்பதை மறைத்ததும், நிறுத்தும் வழியைக் கடினமாக்கியதும். இந்தியாவிலும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 உத்திகளைத் தடை செய்திருக்கின்றன. சேர்வதை எளிதாக்கி, விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. பாடம் விற்பவர்கள் ஓடவிடும் ‘இன்னும் 10 நிமிடமே’ என்ற பொய்க் கடிகாரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நீங்கள் பணம் கட்டியபோது திரையில் என்ன இருந்தது, அந்த நிபந்தனை எங்கே இருந்தது என்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அட்டையில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கி வழியே ரத்து செய்யலாம். ஆனால் அதனால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும்.

வெக்டர் பழகுவதற்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது, முற்றிலும் இலவசம். அதன் உதவிப் பட்டியலுக்குள்ளேயே பாடங்கள் இருக்கின்றன. வண்ண ஓவியத்துக்குக் கிரிட்டா. முதல் ஆண்டில் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

கேள்வி: ஓவிய மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் 10,000 பிரஷ்கள் கொண்ட தொகுப்பு 499 ரூபாய்க்கு வருகிறது. நல்லதா?

பதில்: ஒரு வட்டப் பிரஷ்ஷில் நிழலும் வெளிச்சமும் கைவரும் வரை எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: வகுப்புகள் நான்கு வாங்கி, எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். பார்த்துச் செய்தால் அப்படியே வருகிறது. வெற்றுத் திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்து எந்த வகுப்பை வாங்கலாம்? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: அம்மா, ஐந்தாவதை வாங்காதீர்கள். வகுப்பில் குறையில்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று கற்றிருக்கிறீர்கள். எதற்காக என்பது இனிமேல்தான். ஏற்கெனவே முடித்த பாடம் ஒன்றை எடுங்கள். காணொளியை மூடிவிட்டு, அதே முறையில் வேறொரு பொருளை வரையுங்கள். பாடத்தில் ஆப்பிள் என்றால் உங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் தாள் போன்றது) நிழல், ஏன் தனி லேயர் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே முடிவெடுக்க வேண்டிவரும். தடுக்கும் இடத்தில் மட்டும் காணொளியைத் திறந்து பாருங்கள். கோடு தடுமாறினால் ‘டிராபாக்ஸ்’ என்ற இலவசப் பாடத் தொடர் இருக்கிறது. தாளில் மை பேனாவால் பயிற்சி தருகிறது. வரையும் நேரத்தில் பாதியைப் பயிற்சிக்கு அல்லாமல் விருப்பத்துக்கு வரைவதில் செலவிடச் சொல்கிறது அது. அந்த விதி உங்களுக்கு இப்போது மிகவும் தேவை.

கேள்வி: முழு வடிவமைப்பு மென்பொருளும் பென் டிரைவில் 500 ரூபாய்க்குத் தருகிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: திருட்டுச் சரக்கு. கூடவே வைரஸும் வரலாம். இலவச மென்பொருளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகளை ‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்த இணையவழி வரைகலைப் பயிற்சியில் சேர்த்தோம். கட்டணம் 85,000. தவணை என்று சொல்லிக் கைபேசியில் ஓடிபி கேட்டார்கள். பிறகுதான் அது என் பெயரில் கடன் என்று தெரிந்தது. நேரடி வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. அனுப்பியவை பழைய பதிப்பின் காணொளிகள், மெனுவே பொருந்தவில்லை. கடன் நிறுவனம் மாதம் தவறாமல் பணம் எடுக்கிறது. (தாய், விருதுநகர்)

பதில்: உங்கள் மீது தவறில்லை. மகளின் படிப்புக்காகக் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு வாக்கை மீறியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எல்லாவற்றையும் சேமியுங்கள். விளம்பரத்தை அவர்கள் நீக்கிவிடக்கூடும். சேர்க்கையை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும்படி பயிற்சி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அதன் நகலைக் கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும். கடன் நிறுவனத்திடமிருந்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பயிற்சி நிறுவனத்துக்கு எதிராக விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரில் புகார் கொடுக்க உரிமை உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. ‘நாங்கள் கல்வி நிறுவனம், இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது’ என்று சொல்வார்கள். பயிற்சி மையங்கள் கல்வி நிறுவனங்கள் ஆகா என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. புகாரில் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: நான் வடிவமைத்த திருமண அழைப்பிதழ் திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கிவிட்டது. அச்சகத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (மதுரை)

பதில்: கேட்க முடியாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். பளிச்சிடும் பச்சையும் நீலமும் நான்கு மைகளில் அப்படியே வாரா. கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே (அச்சின் அந்த நான்கு மை நிறங்கள்) முறையில், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் அமையுங்கள். முழு எண்ணிக்கை அச்சேறும் முன் ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகும் நிறம் மாறி வந்தால் அப்போது எனக்கு எழுதுங்கள்.