வாட்ஸ்அப் ஓடுகிறது, தளம் திறக்கவில்லை: புது ரவுட்டர் வாங்கணுமா?

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு. நான்கு நாளாக லேப்டாப்பில் எந்தத் தளமும் ஒழுங்காகத் திறப்பதில்லை. பத்துமுறை தட்டினால் ஒருமுறை வரும். ஆனால் போனில் வாட்ஸ்அப் செய்தி போகிறது, வருகிறது. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. திரையில் 'டிஎன்எஸ்' என்று ஏதோ வருகிறது. தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில், "ரவுட்டர் போச்சு, ரூ.3,800-க்குப் புதுசு போட்டுடலாம்" என்கிறார்கள். ரூ.500 முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?
- ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: மீதி 3,300-ஐக் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கடைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷமும் ஒரு விசைப்பலகையும் போதும்.

நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம், கம்ப்யூட்டருக்கோ எண் முகவரிதான் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வதுதான் டிஎன்எஸ் சர்வரின் வேலை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. உங்கள் வீட்டில் நடப்பது இப்படித்தான் தெரிகிறது: ரோடு நன்றாக இருக்கிறது, போக வேண்டிய வீடும் திறந்திருக்கிறது, வழி சொல்கிற பெட்டிக்கடைக்காரர்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். வாட்ஸ்அப்புக்கு முன்பே பிடித்து வைத்த இணைப்பு இருக்கும், அதனால் பெரும்பாலும் அவரிடம் கேட்காமலே ஓடிவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். விண்டோஸில் தேடும் கட்டத்தில் சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, 8.8.8.8 போட்டு என்டர் தட்டுங்கள். இது கூகுள் 2009 முதல் இலவசமாக நடத்திவரும் டிஎன்எஸ் சர்வரின் எண். 'ரிப்ளை' என்று நான்கு வரி வந்தால் ரோடு சரி. அடுத்து, எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைப் போட்டு அதே பிங். 'குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு பெயர் தேடுவதில்தான். எண்ணுக்கே பதில் இல்லையென்றால் அது டிஎன்எஸ் விவகாரமே அல்ல. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அதே வைஃபையில் போனில் ஒரு புதுத் தளத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு! இதை மறப்பவர்கள்தான் அதிகம். டேட்டாவில் தளம் திறந்ததைப் பார்த்து வைஃபை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

போனில் திறந்து லேப்டாப்பில் மட்டும் மறுத்தால், ரவுட்டர் நிரபராதி. என் கதை அதுதான். சில வருஷம் முன்பு, கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புது ரவுட்டர் வாங்கி மாட்டினேன். அப்போதும் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அலுவலகத்து ஐடி ஆள் எப்போதோ என் லேப்டாப்பில் கையால் போட்டு வைத்த டிஎன்எஸ் எண், அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகிறது. பழைய ரவுட்டர் இன்னும் பரணில் நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ் என்று உள்ளே போனால் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்ற வரி இருக்கும். அதில் 'மேனுவல்' என்றிருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

போனிலும் திறக்கவில்லையா? அப்போது சந்தேகம் ரவுட்டர் மேல், இல்லை இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் மேல். அதே கறுப்பு ஜன்னலில் 'என்எஸ்லுக்அப்' (ஆங்கிலத்தில் nslookup, சேர்த்து), தளத்தின் பெயர், கடைசியில் 8.8.8.8. நடுவில் யாரையும் கேட்காமல் நேரே கூகுளிடம் கேட்பது இது. இப்படிக் கேட்டால் எண் வருகிறது, கடைசி 8.8.8.8-ஐ விட்டுவிட்டுக் கேட்டால் வரவில்லை என்றால், நடுவில் இருப்பவர்தான் மாட்டிக்கொண்டார். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, அடுத்ததில் 1.1.1.1 போட்டு, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். பின்னது கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2018-இல் தொடங்கியது, அதுவும் இலவசம். சில நிறுவனங்கள் தந்த ரவுட்டரில் இந்த இடம் பூட்டியிருக்கும். அப்படியானால் லேப்டாப்பில் மேலே சொன்ன 'மேனுவல்' வழியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

டிஎன்எஸ் இடத்தில் ஏற்கெனவே முன்பின் தெரியாத எண் இருந்தால் சும்மா விடாதீர்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் பல லட்சம் கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணை மாற்றி, ஆட்களை வேறு தளங்களுக்குத் திருப்பிவிட்டது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011-இல் அந்தக் கும்பலைப் பிடித்தது. திருட்டு சர்வர்களுக்குப் பதிலாக வைத்திருந்த தற்காலிக சர்வர்களை 2012 ஜூலை 9-ஆம் தேதி நிறுத்தியபோது, அதுவரை சரிசெய்யாதவர்களுக்குப் பெயர் தேடுவது நின்றுபோனது. எண்ணைத் திருத்துவதோடு ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

புது ரவுட்டர் எப்போது வாங்கலாம்? அணைத்துப் போட்டால் இரண்டு மணி நேரம் சரி, மறுபடி படுத்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் எண்ணுக்கான பிங்கும் விட்டுவிட்டு வருகிறது என்றால் வாங்கலாம். அதுவும் நிறுவனமே கொடுத்த பெட்டி என்றால், மாற்றித் தரச் சொல்லி முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

முன்பணம்: பொருளைக் கையில் வாங்காததால் திருப்பிக் கேளுங்கள். நயமாகக் கேட்டாலே பல கடைகளில் தந்துவிடுவார்கள். முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கோளாறு நிறுவனத்தின் சர்வரில் என்றால், அவர்களிடம் புகார் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

கேள்வி: டிஎன்எஸ் மாற்றினால் நெட் வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு ஆப் மாதம் ரூ.99 கேட்கிறது. போடலாமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: வேண்டாம். தளம் முதல்முறை திறக்கும் அந்த நொடி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். படம் இறங்கும் வேகம் உங்கள் பிளானைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு 9 முதல் போன் செட்டிங்ஸிலேயே 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது, காசு கிடையாது. ஒன்று மட்டும்: அதை மாற்றிய பிறகு ரயில் நிலையம், ஓட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வராமல் அடம்பிடித்தால், அதைத் தற்காலிகமாக 'ஆஃப்' செய்து உள்ளே போங்கள்.