ஒரு கால்பந்து கிளப்பின் ரசிகர் என்று சொன்னவுடனே வரலாற்றுக் கேள்வி கேட்டுச் சோதிக்கிறார்களே, இது நியாயம்தானா?

நீங்கள் அண்மையில்தான் ஏதோ ஓர் இங்கிலாந்து கிளப்பைப் பின்தொடரத் தொடங்கியிருக்க வேண்டும். நான்கு பேர் கூடியிருந்த இடத்தில் ஒருவர் தொடக்க ஆண்டையும் கோப்பைக் கணக்கையும் கேட்க, பதில் தெரியாமல் நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் கேள்வி கேட்கிறவன்தான். இலண்டன் கிளப்பான ஆர்சனலின் ரசிகன் என்று யாராவது சொல்லிக்கொண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. எனவே கேட்பதே குற்றம் என்று தீர்ப்பு எழுத என்னால் இயலாது. ஆனால் என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதில் எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு.

சேலம் ஐந்து ரோடு பக்கம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) ஒன்றில் நாங்கள் சிலர் ஞாயிறு இரவுகளில் விளையாடுவோம். ஆட்டம் முடிந்தால் அருகிலுள்ள கடையில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்தது) தின்ன நிற்பது வழக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை ஒன்றில் கொலுசுக்குப் பற்ற வைக்கும் பையன் ஒருவன் அப்போதுதான் எங்களோடு சேர்ந்திருந்தான். கடைவீதியில் வாங்கிய ஆர்சனல் ஜெர்சியைத்தான் எப்போதும் போட்டு வருவான். அன்று, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒருவரும் எங்களோடு ஆடினார். அவரும் ஆர்சனல்தான், ஒரிஜினல் ஜெர்சி.

அவர் பையனிடம், 2003-04 பருவத்தில் ஆர்சனல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் லீக் வென்றதே, அதில் எத்தனை ஆட்டம் டிரா என்று கேட்டார். அது பையன் பிறப்பதற்கு முந்திய கதை. அவன் சிரித்துக்கொண்டே தெரியாது என்றான். 38 ஆட்டத்தில் 26 வெற்றி, 12 டிரா என்று அவரே சொல்லிவிட்டு, பீட்ரூட் துருவல் ஒட்டியிருந்த விரல்களாலேயே அவனுடைய ஜெர்சியின் நெஞ்சில் இருந்த கிளப்பின் பீரங்கிச் சின்னத்தை இழுத்துப் பிடித்து, "தம்பி, பீரங்கி எந்தப் பக்கம் பாக்குது பாரு. டூப்ளிகேட் அடிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியல, போட்டிருக்கிற உனக்கும் தெரியல" என்றார். உண்மைதான், அந்தச் சின்னத்தில் பீரங்கி இடப்பக்கம் பார்த்திருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

என்னால் அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. 1949 இல் வந்த சின்னத்திலிருந்து 2002 வரைக்கும் ஆர்சனலின் பீரங்கி, பார்ப்பவருக்கு இடப்பக்கமாகத்தான் இருந்தது. 2002 இல் சின்னத்தை மாற்றியபோதுதான் வலப்பக்கம் திரும்பியது. அதைவிட வேடிக்கை, அந்த மாற்றத்துக்குக் காரணங்களில் ஒன்று, பல துண்டுகளைச் சேர்த்து அமைந்த பழைய சின்னத்துக்குக் கிளப்பால் பதிப்புரிமை பெற முடியாமல் இருந்தது என்பதாகும். அதாவது, கண்டவரும் சின்னத்தை அச்சடித்து விற்பதைத் தடுக்கச் செய்த மாற்றத்தைத்தான் அவர் போலி ஜெர்சியைக் கண்டுபிடிக்கும் அளவுகோலாக வைத்திருந்தார், ஆனால் மாற்றம் நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. "அண்ணே, அந்தப் பையன் போட்டிருக்கிறது பழைய பீரங்கி" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஆர்சனல் கடைசியாக எந்த ஆண்டு முதல் டிவிஷனுக்கு (அன்றைய இங்கிலாந்து லீக்கின் மேல்தட்டு) ஏறியது, அதற்கு முந்திய பருவத்தில் இரண்டாம் டிவிஷனில் எத்தனையாவது இடம் என்று திருப்பிக் கேட்டேன். முதல் இடமாகத்தானே இருக்க வேண்டும் என்றார்.

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 1914-15 இல் ஆர்சனல் பிடித்தது ஐந்தாவது இடம். (ஆறாவது என்று எழுதிய பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்கும் கோல் சராசரியைத் தவறாகக் கணக்கிட்டதால் வந்தது அது.) முதல் உலகப் போரால் நின்றிருந்த லீக், போர் முடிந்து மீண்டும் தொடங்கவிருந்த 1919 இல் முதல் டிவிஷனை 20 அணிகளிலிருந்து 22 ஆக விரித்தபோது, அதில் கடைசி இரண்டு இடங்களில் இருந்த இலண்டன் அணிகளான செல்சியும் டாட்டன்ஹாமும் கீழே இறங்காமல் தப்பித்துவிடும் என்றே எதிர்பார்ப்பு இருந்தது. செல்சி தப்பியது. மீதமிருந்த ஓர் இடத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆர்சனலுக்கு 18, டாட்டன்ஹாமுக்கு 8. ஆர்சனல் தலைவர் ஹென்றி நாரிஸ் உள்ளே என்ன பேசினார், எப்படி ஓட்டுச் சேர்த்தார் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. அன்று ஏறிய ஆர்சனல் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. டாட்டன்ஹாம்காரர்கள் ஏன் இப்படிப் பகைக்கிறார்கள் என்பதை இந்த ஒரு கேள்வியிலிருந்து அரை மணி நேரம் பேசலாம். டிரா எத்தனை என்ற கேள்விக்கோ 12 என்றவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒருவரிடம் குடும்ப அட்டை எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பதற்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

நானும் அவரைப் போலவே நடந்துகொண்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை என்றே நினைக்கிறேன். ஆண்டுக் கணக்கை ஆயுதமாக எடுத்தவரிடம்தான் நான் கேட்டேன். புதிதாக வந்தவனிடம் நான் அப்படிக் கேட்பதில்லை, அவனுக்குச் சொல்லத்தான் செய்வேன். அன்றும் சொன்னேன். 1886 இல் இலண்டன் வூல்விச்சில், அரசு ஆயுதத் தொழிற்சாலையின் டயல் ஸ்கொயர் என்ற பட்டறையில் வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டுத் தொடங்கிய அணி அது. பீரங்கி வந்ததும் அங்கிருந்துதான். ஜெர்சி வாங்கவும் காசில்லாமல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி கொடுத்த சிவப்புச் சட்டைகளைப் போட்டுத்தான் ஆடினார்கள். பட்டறை ஆட்கள் என்றதும் பையன் நிமிர்ந்தான். "ஏங்கண்ணா, ஃபாரஸ்ட்காரங்க எதுக்கு இவங்களுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டான். அன்றைக்கு அந்தக் கடையில் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். ஃபாரஸ்டில் முன்பு ஆடிய ஃபிரெட் பியர்ட்ஸ்லி, மோரிஸ் பேட்ஸ் ஆகியோர் அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்திருந்தார்கள். பழைய அணிக்கு எழுதிக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரிஜினல் ஜெர்சி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் உள்ளூர் ஆட்டத்துக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, அதற்கு மேல் மூன்றாவதாக ஒன்று என்று புதிதாக விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றை வாங்கினாலே பட்டறைப் பையனின் ஒரு வாரக் கூலி போய்விடும். துணியைத் தடவிப் பார்த்து ரசிகனை எடைபோடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை உங்களிடம் யாராவது ஆண்டு கேட்டால், தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்று கூசாமல் சொல்லுங்கள். ஆண்டைச் சொன்னதும், அந்த ஆண்டில் என்னதான் நடந்தது என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால் இன்னொரு செட் சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசுவார்.