பென்ஷன்தான் வருகிறதே!

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வாகன மெக்கானிக்காக 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வயது 43. படிப்பு பத்தாம் வகுப்பு. இதுவரை ஐந்து இடங்களுக்கு நேர்காணலுக்குப் போய்வந்துவிட்டார். ஓரிடத்தில் மட்டும் வேலை தருவதாகச் சொன்னார்கள், ஆனால் ஐ.டி.ஐ. முடித்து அன்றைக்குத்தான் வந்த பையனுக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சொல்லி, ‘உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே’ என்றார்களாம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் செக்யூரிட்டி வேலை வாங்கித் தருவதாக என் அண்ணன் சொல்கிறார். இவர் பிடிகொடுக்கவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டு, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அந்த வேலைக்குப் போகச் சொல்லி நான் வற்புறுத்தலாமா? அவருடைய பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வற்புறுத்த வேண்டாம். செக்யூரிட்டி வேலை கௌரவக் குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. என்னோடு ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் பணியாற்றிய நண்பர்கள் பலர் அந்த வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் பல இடங்களில் அது பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அதில் சேர்ந்துவிட்டால் வேறு வேலை தேடவோ, தேர்வுக்குப் படிக்கவோ பொழுது இருக்காது. இரண்டு வருடம் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மெக்கானிக்கை, அதன் பிறகு எந்தப் பட்டறைக்காரரும் மெக்கானிக்காக நினைக்க மாட்டார்.

‘பென்ஷன்தான் வருகிறதே’ என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். பென்ஷன் என்பது அவர் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான கூலி. இனிச் செய்யப்போகும் வேலைக்கான கூலியில் அதைக் கழித்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. வீட்டு வாடகை வருகிறதா என்று விசாரித்துவிட்டு மேனேஜருக்குச் சம்பளம் குறைப்பவரை நான் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் வரும் அந்தப் பணம், அவசரப்பட்டுக் கிடைத்த வேலையில் விழாமல் இருக்க உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். 2022-ல் தொடங்கிய அக்னிவீர் திட்டத்தில் நான்கே ஆண்டுகளில் வெளியே வரும் பிள்ளைகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. எனவே இன்னும் ஓராண்டு தேடுவது என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றிருந்தால், அந்தப் பணத்தைச் சீட்டு, அதிக வட்டி என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். ஓய்வு பெற்று வந்த புதிதில் வீட்டுக்கு வரும் உறவினர்களில் பாதிப்பேர் அதைக் கேட்டுத்தான் வருவார்கள்.

இனி அந்த பயோடேட்டா. ‘ஹவில்தார், வி.எம். (வாகன மெக்கானிக்), 24 ஆண்டுகள், நடத்தை எக்ஸம்ப்ளரி (மிகச் சிறப்பு)’ என்று நான்கு வரியில் முடித்திருக்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார், தவறில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முப்பது வயது அதிகாரிக்கு ஹவில்தார் என்றால் துப்பாக்கி பிடித்தவர் என்ற அளவுக்குத்தான் தெரியும். நான் ஓய்வு பெற்று முதன்முதலாகப் போன நேர்காணலில், எனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டார்கள். ‘டிடாச்மென்ட் கமாண்டராக இருந்தேன், சாப்’ என்றேன். ஒரு சிறு குழுவுக்குத் தலைவர் என்று அர்த்தம். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உட்காரச் சொல்லும் வரை விறைப்பாக நின்றது வேறு அவரைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை.

உங்கள் கணவரிடம் ஒரு மாலை நேரத்தில் தேநீரைக் கொடுத்துவிட்டு, லடாக்கின் லே நகரில் குளிர்காலத்தில் என்னதான் செய்தீர்கள் என்று கேளுங்கள். பயோடேட்டாவில் லே என்று இடத்தை மட்டும் எழுதியிருக்கிறார். மைனஸ் இருபது டிகிரியில் டீசல் கட்டிப்போய் ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், பேட்டரி இழுக்காது. அந்தக் குளிரில் ராணுவத்தின் ஸ்டாலியன் லாரிகளை விடிவதற்குள் கான்வாய்க்குத் தயார் செய்ததை அவர் கதையாகச் சொல்வார். நீங்களோ மகனோ அதை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வண்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன, எத்தனை மெக்கானிக்குகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார், உதிரிபாகக் கணக்கை யார் வைத்திருந்தார்கள், எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கோத்திருக்கிறாரா, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எண்ணிக்கையோடு எழுதினால், அதுவே பயோடேட்டா. பதவியின் பெயர் கடைசி வரியில் வந்தால் போதும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மெக்கானிக் வேலை கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உங்கள் மாவட்டத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளும் பெரிய பள்ளிகளும் சொந்தமாகப் பேருந்துகள் ஓட்டுகின்றன. அங்கே ஸ்பேனர் பிடிக்க ஆள் உண்டு, எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்றின் தேதி, டயர், டீசல் கணக்கு, ஓட்டுநர்களின் வருகை எல்லாவற்றையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு ஷெட்டில் நிற்கும் போக்குவரத்துப் பொறுப்பாளர் கிடைப்பதுதான் கஷ்டம். நாலரைக்கு எழுந்து பாலிஷ் போடுகிறவரை அங்கே தேடிக்கொண்டிருப்பார்கள். லாரி வைத்திருக்கும் கம்பெனிகள், குவாரிகள், ஜெனரேட்டர் பராமரிப்பு எடுப்பவர்கள், ஆவடியில் உள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை எடுப்பவர்கள் ஆகியோரையும் நேரில் பார்க்கலாம்.

அவர் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளி உலகத்துப் பட்டறை மாறிவிட்டது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் திறமை இன்றும் மதிப்புள்ளதுதான். ஆனால் பழுதைக் காட்டுவது ஸ்கேனர். சென்சாரும், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசலும் அவருக்குப் புதிதாக இருக்கலாம். ஐந்து இடங்களில் ஓரிரண்டாவது இதனால் கைநழுவியிருக்கும் என்று ஊகிக்கிறேன். தெரிந்த பட்டறை ஒன்றில் இரண்டு மாதம் சம்பளம் பேசாமல் நின்று பழகிக்கொள்ளட்டும். 24 வருட அனுபவசாலி இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கற்றுக்கொள்வது உறுத்தத்தான் செய்யும்.

அரசு வேலைக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகள் மற்றும் பொதுத்துறை நிறுவனங்களின் குரூப் சி பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் குரூப் சி பணிக்கு வயது 43 என்று தயங்க வேண்டாம். சேவைக் காலமான 24 ஆண்டுகளைக் கழித்தால் அவர் 19 வயதுக்காரர், அதற்கு மேல் மூன்று ஆண்டுச் சலுகையும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 ஆண்டுச் சேவையும் உள்ளவரை, தொழில்நுட்பப் படிப்பு கட்டாயமில்லாத குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகவே மத்திய அரசு கருதுகிறது. இவ்வளவு இருந்தும் அந்த இடங்கள் பல முறை நிரம்பாமலே போகின்றன. காரணம் போட்டித் தேர்வுதான். கணக்கும் ஆங்கிலமும் விட்டுப்போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. பதினொன்றாம் வகுப்பு மகனோடு சேர்ந்து தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போடச் சொல்லுங்கள், இருவருக்கும் நல்லது. தனியார் வேலையில் சேர்ந்தால் ஒதுக்கீட்டு உரிமை போய்விடும் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது உண்மையில்லை.

வேலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. வேலைவாய்ப்புக்கு அங்கே பெயரைப் பதிந்துவிட்டாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பதியாவிட்டால் இந்த வாரமே போகட்டும். சொந்தமாகப் பட்டறை வைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தால், ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் வங்கிக் கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. அதையும் அங்கேயே விசாரிக்கலாம். ஆனால் ஊர் நிலவரம் பிடிபடாத முதல் ஆண்டிலேயே கடன் வாங்கித் தொழில் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஓராண்டுக்குப் பிறகும் ஒன்றும் அமையாமல், பாதுகாவலர் வேலைதான் என்றானால், தமிழக அரசு 1986-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் போகட்டும். தனியார் ஏஜென்சி என்றால் அதற்கு உரிமம் இருக்கிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேரட்டும்.

நல அலுவலகத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு அசலையும் எடுத்துப்போகட்டும். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம். உங்கள் அண்ணனிடம், கல்லூரிப் பேருந்து ஷெட்டில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.