வீட்டுவழிக் கல்வி என்றால் என்ன? குடும்பமாகச் செய்வதில் என்ன லாபம்?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், படிப்பின் பொறுப்பைப் பெற்றோரே ஏற்று வீட்டிலும் ஊரிலுமாகக் கற்றுக்கொடுப்பதுதான் வீட்டுவழிக் கல்வி.

இதன் பலனுக்கு அடிப்படைக் காரணம் வேகம். நாற்பது பேர் உள்ள வகுப்பு கல்யாணப் பந்தி மாதிரி. எல்லா இலைக்கும் ஒரே அளவு, அடுத்த பந்திக்கும் நேரமாகிவிடும். வீட்டிலோ பசி பார்த்துப் பரிமாறலாம். பின்னக் கணக்கு புரியவில்லையா, இரண்டு வாரம் அங்கேயே நிற்கலாம்.

வேலூர்க்காரர்களுக்கு ஊரே பாதிப் பாடம். கோட்டை அகழி ஓரமாக நடந்தபடி 1806 ஜூலை 10 அங்கே ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த சிப்பாய்க் கலகத்தைச் சொல்லிப் பாருங்கள். சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கட்டாயம், நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் தடை என்றதும், "அதுக்காகவா சண்டை போட்டாங்க?" என்று பிள்ளை மடக்கும். பதில் தெரியாத அப்பாவும் சேர்ந்து தேட வேண்டியதுதான். என்னைக் கேட்டால், பெரிய சந்தோஷமே அதுதான். அப்புறம் மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் முக்கால் கிலோ வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணச் சொன்னால் பின்னம் கைக்கு வந்துவிடும். காம்பு முள் விரலில் குத்துவது தனிப் பாடம்!

வீட்டில் ஒருவராவது நேரம் ஒதுக்கியாக வேண்டும்; இருவரும் வேலைக்குப் போனால் கஷ்டம்தான். விளையாட்டுத் தோழர்களையும் நாமேதான் தேட வேண்டும்.

சான்றிதழ் கிடைக்காது, காலேஜ் போக முடியாது என்று பலர் நினைப்பது சரியல்ல: 14 வயது நிறைந்தால் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பும், பிறகு பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம்.